மருத்துவக் காப்பீட்டு அட்டை: என்ன இருக்கிறது, என்ன இல்லை?

காப்பீடு பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பல, கைக்கு வந்த அட்டையைப் பற்றியவை. அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டே மருத்துவமனை கவுன்ட்டரில் தவித்தவர்கள் சிலர். முன்கூட்டியே தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் சிலர். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

எனக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் சேர்த்து முதல் தடவையாகக் காப்பீடு எடுத்திருக்கிறோம். மெயிலில் மூன்று அட்டைகள் வந்தன. பாலிசி எண், மெம்பர் ஐடி, டி.பி.ஏ. என்று ஏதேதோ இருக்கிறது. எது எதற்கு?
— வாசகர், ஈரோடு

மூன்று அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாலிசி எண் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கும். அது உங்கள் குடும்பம் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் எண். மெம்பர் ஐடி ஆளுக்கு ஆள் மாறும். சில நிறுவனங்கள் இதையே யூ.ஹெச்.ஐ.டி. என்றும், சில ‘கார்டு எண்’ என்றும் அச்சடிக்கின்றன. மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் முதலில் கம்ப்யூட்டரில் தட்டுவது இந்த மெம்பர் ஐடியைத்தான். குழந்தையை அட்மிட் செய்யும் அவசரத்தில் அப்பா தன் அட்டையை நீட்டிவிட்டால், அனுமதி கேட்கும் படிவம் அப்பாவின் எண்ணில் ஏறிவிடும். ‘நோயாளி விவரம் பொருந்தவில்லை’ என்று அது திரும்பி வருவதற்குள் அரை நாள் போய்விடும்.

டி.பி.ஏ. என்பது காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்கும் நடுவே வேலை பார்க்கும் அமைப்பு. அட்டை கொடுப்பது, கேஷ்லெஸ் (பில்லை நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் முறை) விண்ணப்பத்தைப் பார்ப்பது, பில்லைச் சரிபார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஆனால் உங்கள் ஒப்பந்தம் அவர்களோடு அல்ல. கிளைமைக் கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துடையது. சில நிறுவனங்கள் டி.பி.ஏ. இல்லாமல் கிளைம் பிரிவைத் தாங்களே நடத்துகின்றன. அவர்களின் அட்டையில் அந்த வரியே இருக்காது. உங்கள் அட்டையில் இரண்டு பெயர்களும் இருப்பதால், மருத்துவமனைக்குப் போன் செய்யும்போது இரண்டையும் சொல்லிக் கேளுங்கள்: “இந்த டி.பி.ஏ. வழியாக, இந்தக் கம்பெனி பாலிசிக்கு கேஷ்லெஸ் உண்டா?” டி.பி.ஏ. பெயரை மட்டும் சொன்னால் ‘உண்டு’ என்பார்கள். அதே டி.பி.ஏ. பல நிறுவனங்களுக்கு வேலை செய்யும். உங்கள் நிறுவனத்தோடு அந்த மருத்துவமனைக்கு ஒப்பந்தம் இல்லாமலும் இருக்கலாம்.

அடுத்து தேதிகள். ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்பது நடப்பு ஆண்டுக்கான செல்லுபடி. சில அட்டைகளில் இன்னொரு தேதியும் இருக்கும்: பாலிசியில் நீங்கள் முதன்முதலாகச் சேர்ந்த நாள். பழைய பாலிசிதாரர்கள் இந்தத் தேதியைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்ற வேண்டும். காத்திருப்புக் காலம் (சில நோய்களுக்குப் பணம் கிடைக்காத ஆரம்பக் காலம்) முழுக்க அதிலிருந்துதான் எண்ணப்படுகிறது.

அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘இது அடையாளத்துக்கு மட்டுமே, பணம் வழங்கப்படும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல.’ இதை ஒரு தடவையாவது படித்துவிடுங்கள். அட்டை சொல்வது நீங்கள் யார் என்பதை மட்டும். எவ்வளவு கிடைக்கும், எந்த நோய்க்குக் கிடைக்கும், எந்த அறை வரை போகலாம் என்பதெல்லாம் பாலிசி ஷெட்யூலிலும் (உங்கள் பாலிசியின் விவரப் பக்கம்), அதோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளிலும் இருக்கும். அந்தத் தகவல் தாள் 2024 ஜனவரி 1 முதல் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அமைப்பில் எளிமையாக்கப்பட்டிருக்கிறது. தமிழில் வேண்டும் என்று கேட்டால் தமிழிலேயே தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

ஆதாரில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. அட்டையில் அப்பா பெயர் முழுதாக வந்திருக்கிறது. பான் கார்டில் கணவர் பெயர். ஏஜென்ட் ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்கிறார். நம்பலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

பாதி நம்பலாம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டையும் நிரப்பாமல் கம்ப்யூட்டர் மேலே விடாது. நிரப்புகிறவர் அந்த நேரத்தில் தோன்றியதைப் போடுவார். ஆதாரில் ‘வள்ளி கே’ என்று இருப்பவர், அட்டையில் ‘வள்ளி கந்தசாமி’ ஆவார். சில சமயம் இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர் விழுந்து ‘வள்ளி வள்ளி’ என்றுகூட வரும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, சுருக்கமா முழுப் பெயரா என்ற வித்தியாசம் மட்டும் என்றால், பிறந்த தேதியும் முகவரியும் ஒத்துப்போகும்பட்சத்தில் ஓர் உறுதிமொழிக் கடிதத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

தகராறு வருவது வேறு மூன்று இடங்களில். ஒன்று, உங்கள் சொந்தப் பெயரிலேயே ஆங்கில எழுத்துப் பிழை. இரண்டு, பிறந்த தேதி. பிரீமியம் வயதை வைத்துக் கணக்கிடப்படுவதால், வயது மாறினால் நிறுவனம் சும்மா விடாது. கிளைமை நிறுத்தி வைத்து விளக்கம் கேட்கும். பெரியவர்கள் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஜனவரி 1 என்று இருப்பதால் இது அடிக்கடி நடக்கிறது. மூன்று, வங்கிக் கணக்கு. கையிலிருந்து கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டால், அது பாலிசி எடுத்தவரின் கணக்குக்குத்தான் போகும். பாஸ்புக்கில் உள்ள பெயரும் பாலிசியில் உள்ள பெயரும் வேறு என்றால் பணம் வங்கி வரை போய்த் திரும்பும். பெரிய தொகைக்கு பான், ஆதார் நகல்களும் கேட்பார்கள். அங்கே உங்கள் கணவர் பெயர் பிரச்சினை தலைதூக்கும்.

சரிசெய்யும் வழி இது. முதலில் பாலிசி ஷெட்யூலைத் திறந்து, பிழை அதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஷெட்யூலில் சரியாக இருந்து அட்டையில் மட்டும் தவறு என்றால், அது டி.பி.ஏ. பதிவில் நேர்ந்த பிழை. அவர்களுக்கு ஒரு மெயில் போட்டால் புது இ-கார்டு வந்துவிடும். ஷெட்யூலிலேயே தவறு என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி ‘எண்டார்ஸ்மென்ட்’, அதாவது பாலிசியில் திருத்தம், கேட்க வேண்டும். பாலிசி எண், மெம்பர் ஐடி, இப்போது இருப்பது இப்படி, இருக்க வேண்டியது இப்படி என்று நாலே வரி, கூடவே ஆதார் நகல் போதும். ஏஜென்டிடம் வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். நிறுவனத்தின் மெயில் முகவரிக்கே அனுப்பி, கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தக் கடிதம் வந்தபின் இ-கார்டை மறுபடி டவுன்லோடு செய்து பாருங்கள். நிறுவனத்தில் திருத்திய விவரம் டி.பி.ஏ.வுக்குப் போய்ச் சேராமல் நிற்பது சகஜம். பலர் இந்தக் கடைசிப் படியில்தான் ஏமாறுகிறார்கள்.

பாலிசி புதிது என்றால், ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் ‘ஃப்ரீ லுக்’ காலம் உண்டு. நிபந்தனை பிடிக்காவிட்டால் அதற்குள் திருப்பிக்கொடுத்துவிடலாம். பெயர், வயது, நோய் விவரம் எல்லாவற்றையும் சரிபார்க்க அந்த 30 நாளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் நால்வருக்கும் தனித்தனி அட்டை வந்திருக்கிறது. பாலிசி 5 லட்சம். அப்படியானால் ஆளுக்கு 5 லட்சம்தானே?
— வாசகர், விருதுநகர்

ஷெட்யூலில் ‘ஃப்ளோட்டர்’ என்று இருந்தால் இல்லை. நாலு பேருக்கும் சேர்த்து ஒரே 5 லட்சம். ஒருவர் ஆண்டின் நடுவில் 3.5 லட்சத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அடுத்த புதுப்பிப்பு வரை மற்ற மூவருக்கும் சேர்த்து மிச்சம் 1.5 லட்சம். ‘ரெஸ்டோரேஷன்’ வசதி இருந்தால் தொகை மறுபடி நிரம்பும்; ஆனால் அதே ஆளுக்கு அதே நோய்க்குப் பயன்படுமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். எத்தனை அட்டை என்பதற்கும் எவ்வளவு தொகை என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலான அட்டைகளில் தொகை அச்சிடப்பட்டிருக்காது. மீதி எவ்வளவு என்பதை ஆப்பிலோ, அட்டையில் உள்ள கட்டணமில்லா எண்ணிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அட்டையைக் காட்டினோம், ‘அப்ரூவல் வந்துவிட்டது’ என்றார்கள். டிஸ்சார்ஜ் அன்று 40,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். அறை வாடகை அதிகமாம். வித்தியாசம் நாளுக்கு 2,000 ரூபாய்தான். நாலு நாளைக்கு 8,000தானே ஆக வேண்டும்?
— வாசகர், திருநெல்வேலி

உங்களைப் போலவே பலரும் கேட்டிருப்பதால் கணக்கைப் போட்டே காட்டுகிறோம். உங்கள் பில் விவரம் எங்களிடம் இல்லை. கிட்டத்தட்ட அதே அளவில் ஓர் உதாரணம்.

காப்பீட்டுத் தொகை 3 லட்சம். அறை வாடகை வரம்பு அதில் நாளொன்றுக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். எடுத்த அறை 5,000 ரூபாய். தகுதியுள்ள அறை, எடுத்த அறையில் 60 சதவீதம். இந்த 60 சதவீதம் அறை வாடகையோடு நிற்பதில்லை. பெரும்பாலான மருத்துவமனைகளில் அறை உயர உயர டாக்டர் விசிட், அறுவைச் சிகிச்சைக் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் கூடவே உயரும். அதனால் அவற்றுக்கும் நிறுவனம் அதே விகிதத்தில்தான் தரும்.

நாலு நாள் அறை வாடகை 20,000, கிடைப்பது 12,000. டாக்டர், ஆபரேஷன், நர்சிங் எல்லாம் சேர்த்து 80,000, கிடைப்பது 48,000. மருந்து, பரிசோதனை, உள்ளே பொருத்தும் கருவி 50,000. இது முழுதாகக் கிடைக்கும். மொத்தம் 1,50,000 ரூபாய் பில்லுக்கு 1,10,000 வரும். உங்கள் கையிலிருந்து 40,000. அறைக்காகப் போனது 8,000. மிச்சம் 32,000 அறை இழுத்துக்கொண்டு போனது.

இந்தக் குறைப்பை எல்லாவற்றிலும் செய்ய முடியாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வரையறுத்திருக்கிறது. மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் கருவி, மருத்துவச் சாதனம், ஐ.சி.யூ. கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதக் கழிவு கூடாது. அறைக்கு ஏற்ப மற்ற கட்டணங்களை மாற்றாமல் எல்லோருக்கும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனையிலும் கூடாது. உங்கள் பில்லின் பகுதிவாரி விவரத்தையும் நிறுவனத்தின் செட்டில்மென்ட் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மருந்திலும் கழித்திருந்தால் எழுதிக் கேட்டு வாங்கலாம்.

கையுறை, முகக்கவசம் போன்ற 68 பொருள்களின் பட்டியல் ஒன்று உண்டு. இவற்றுக்கென்று பாலிசியோடு தனியாகக் கூடுதல் காப்பீடு (ஆட்-ஆன்) எடுத்திராவிட்டால் இவற்றுக்குப் பணம் கிடைக்காது. இதில் வாதாடிப் பயனில்லை.

அடுத்த முறை அட்மிஷன் போடும்போதே, “எங்கள் பாலிசியில் அறை வரம்பு 3,000, அதற்குள் அறை கொடுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். ‘இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, டீலக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கவுன்ட்டரில் சொல்வார்கள். அட்டையில் அறை வரம்பு அச்சாகியிருக்காது என்பதால் அவர்களுக்கும் அப்போது தெரியாது. வரம்புக்குள் அறை காலியில்லை என்றால், அதை அட்மிஷன் தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

நடுராத்திரியில் அவசரம். அட்டை வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது?
— வாசகி, நாகர்கோவில்

முதலில் சிகிச்சை. பிளாஸ்டிக் அட்டையே வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. போனில் உள்ள இ-கார்டும், நோயாளியின் ஆதார் போன்ற ஓர் அரசு அடையாள அட்டையும் போதும். அதுவும் இல்லையென்றால் பாலிசி எண்ணோ, பதிவு செய்த கைப்பேசி எண்ணோ வைத்துக் கட்டணமில்லா எண்ணில் மெம்பர் ஐடியைக் கேட்டு வாங்கலாம். வீட்டில் எல்லோருடைய இ-கார்டையும் குறைந்தது இரண்டு பேர் போனில் ஏற்றி வைத்திருங்கள். பாலிசி எடுத்தவரே படுக்கையில் விழுந்தால் அவர் போனின் பூட்டை யாரும் திறக்க முடியாது.

அவசர அட்மிஷன் என்றால் பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லச் சொல்கின்றன. திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 முதல் 72 மணி நேரம் முன்பே. அனுமதிப் படிவத்தில் நீங்கள் நிரப்ப ஒரு பகுதி, டாக்டர் நிரப்ப ஒரு பகுதி. டாக்டர் பகுதியில் ‘எத்தனை நாளாக இந்தத் தொந்தரவு’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு வாரம் என்பது இரண்டு வருஷம் என்று விழுந்துவிட்டால், பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்ற சந்தேகம் அங்கேயே முளைத்துவிடும்.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் விண்ணப்பம் கிடைத்த ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும். முதலில் வரும் அனுமதி சிறு தொகையாக இருந்தால் பயப்பட வேண்டாம். சிகிச்சை போகப்போக மருத்துவமனை கூடுதலாகக் கேட்டு வாங்கும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் கிளைமே போயிற்று என்று அர்த்தமில்லை. பணம் கட்டி, டிஸ்சார்ஜ் சம்மரி, பகுதிவாரி பில், ரசீதுகள், மருந்துச் சீட்டோடு மருந்து பில்கள், பரிசோதனை முடிவுகள், ரத்து செய்த காசோலை ஆகியவற்றோடு பிறகு விண்ணப்பிக்கலாம். கருவி பொருத்தியிருந்தால் அதன் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அட்டை வந்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போது சர்க்கரை தொடர்பான சிகிச்சைக்குப் பயன்படுத்தலாமா?
— வாசகர், கடலூர்

அட்டையை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று காத்திருப்புக் காலங்கள் உண்டு. முதல் 30 நாள், விபத்தைத் தவிர எதற்கும் கிடைக்காது. கண்புரை, ஹெர்னியா, மூலம், மூட்டு மாற்று போன்ற பட்டியலிட்ட நோய்களுக்குப் பொதுவாக 24 மாதம். முன்பே இருந்த நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம். 2024 ஏப்ரலுக்கு முன்பு இது 48 மாதம் வரை இருந்தது. உங்கள் பாலிசியில் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்; தகவல் தாளைப் பாருங்கள்.

இதைவிட முக்கியமாக, ஷெட்யூலில் அம்மா பெயருக்கு நேரே சர்க்கரை நோய் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விற்கிற அவசரத்தில் ‘நோய் ஏதுமில்லை’ என்று போட்டுவிடுகிற ஏஜென்டுகள் இருக்கிறார்கள். இல்லையென்றால் நீங்களாகவே நிறுவனத்துக்கு எழுதித் தெரிவியுங்கள். பிரீமியம் கூடலாம், காத்திருப்பு விதிக்கப்படலாம். கிளைம் நேரத்தில் அவர்களே கண்டுபிடித்தால் பாலிசியையே ரத்து செய்ய முடியும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்த பிறகு, மோசடி நிரூபணமானால் ஒழிய, ‘நோயைச் சொல்லவில்லை’ என்ற காரணத்துக்காக கிளைமை மறுக்க முடியாது.

புதுப்பிப்பை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். வருடாந்திர பிரீமியத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கட்டினால் சேர்ந்த தேதி காப்பாற்றப்படும். ஆனால் கட்டாமல் இருந்த அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிக்குப் போனால் பணம் கிடைக்காது. தொகையை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக்கினால், கூடுதல் 2 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

அலுவலகம் கொடுத்த அட்டையில் அடுத்த மார்ச் வரை செல்லுபடி என்று இருக்கிறது. வேலையை விட்டாலும் அதுவரை பயன்படுமா?
— வாசகர், ஓசூர்

பயன்படாது. குழுக் காப்பீட்டில் அட்டையில் உள்ள தேதி நிறுவனத்தின் பாலிசிக்கானது. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கும்வரைதான் உங்களுக்கு. பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு பெயர் நீக்கப்பட்டுவிடும். கூடவே மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பெயர்களும் போய்விடும். வேலையை விடுவதற்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ள விண்ணப்பியுங்கள். குழுவில் கழித்த காத்திருப்புக் காலம் அதில் சேர்த்துக்கொள்ளப்படும். ஹெச்.ஆர். பிரிவிலிருந்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை யார் யார் சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்று கடிதம் வாங்கி வையுங்கள். பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

முகாமில் ‘ஆபா’ அட்டை போட்டுக் கொடுத்தார்கள். இதைக் காட்டினால் இலவச சிகிச்சை உண்டா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேறா?
— வாசகி, தருமபுரி

இரண்டும் வேறு வேறு. ஆபா என்பது 14 இலக்க எண். உங்கள் மருத்துவப் பதிவுகளை ஓரிடத்தில் இணைத்து வைப்பதற்கான அடையாளம் அது. காப்பீடு அல்ல, ஒரு ரூபாய்கூட அதிலிருந்து வராது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் காப்பீடுதான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருவாய்த் துறையின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை. உங்கள் குடும்பம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்பதைத் திட்டத்தின் இணையதளத்தில் குடும்ப அட்டை எண்ணைப் போட்டே பார்க்கலாம். அட்டையை அங்கிருந்தே எடுக்கலாம்.

இந்த அட்டையில் பலரும் கவனிக்காமல் விடுவது உறுப்பினர் பட்டியல். அட்டை எடுத்தபோது பிறந்திராத பிள்ளை, பிறகு வந்த மருமகள் பெயர் அதில் இருக்காது. குடும்ப அட்டையில் சேர்த்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்; திட்டத்திலும் தனியாகச் சேர்க்க வேண்டும். இன்னொன்று, இந்தத் திட்டம் எல்லா நோய்க்கும் பொதுவானது அல்ல. பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில், நிர்ணயித்த தொகைக்கு மட்டும். ஒரே மருத்துவமனையில் இதயத்துக்கு உண்டு, எலும்புக்கு இல்லை என்றும் இருக்கலாம். போவதற்கு முன் 1800 425 3993 என்ற எண்ணில் சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். திட்டத்தில் அனுமதி கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் அதே எண்ணில் புகார் செய்யலாம்.

போனஸ் தருவதாகச் சொல்லி ஒருவர் என் அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் கேட்கிறார். அனுப்பலாமா?
— வாசகர், காரைக்குடி

அனுப்பாதீர்கள். பாலிசி எண், பிறந்த தேதி, பெயர் மூன்றும் ஒரே படத்தில் இருக்கின்றன. நிறுவனத்திலிருந்து பேசுவதுபோல் நடித்து உங்களிடம் ஓ.டி.பி. வாங்க அதுவே போதும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எந்தப் பாலிசியும் விற்பதில்லை, யாருக்கும் போனஸ் தருவதுமில்லை.

கிளைமை மறுத்துவிட்டார்கள். டி.பி.ஏ. அலுவலகத்துக்கு நடந்து கால் தேய்ந்துவிட்டது. யாரிடம் போவது?
— வாசகர், மதுரை

டி.பி.ஏ. வாசலை விட்டுவிடுங்கள். மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்பது அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் கிளைம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் கிளைமை மறுக்கக் கூடாது என்பது 2024 விதி. அந்த ஒப்புதல் பெறப்பட்டதா என்று உங்கள் கடிதத்தில் கேளுங்கள். கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். அவர் மெயில் முகவரி பாலிசி ஆவணத்திலேயே இருக்கும். மெம்பர் ஐடியோடு கிளைம் எண்ணையும் மறக்காமல் போடுங்கள். ஒரே மெம்பர் ஐடியில் பல கிளைம்கள் இருக்கலாம்.

கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதிவு செய்யலாம். 155255 என்ற எண்ணில் கூப்பிட்டும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதிலில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது; இணையம் வழியாகவும் மனு கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். அதே விஷயத்தில் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் இங்கே ஏற்க மாட்டார்கள். ஆகவே முதலில் இங்கே போய்விட்டு, தேவைப்பட்டால் அங்கே போங்கள்.

மனுவோடு வைக்க வேண்டியவை: மறுப்புக் கடிதம், நீங்கள் எழுதிய புகாரும் அதற்கு வந்த பதிலும், பாலிசி ஷெட்யூல், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள். அட்டையின் நகலையும் வையுங்கள், பின்பக்கத்தோடு.